விருந்தினருக்கு எதைப் பருகத் தருகிறோம்?

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் நம் வீடுகளின் குளிர்பதனப் பெட்டிக்குள் வண்ண வண்ணப் பாட்டில்கள் குடியேறிவிடுகின்றன. மதரஸாவிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்கு ஒன்று, திடீரென வரும் சம்பந்தி வீட்டாருக்கு ஒன்று. வீட்டில் பிழிந்த சாற்றைக் கொடுத்தால் மரியாதைக் குறைவாக எண்ணுவார்களோ என்னும் தயக்கமும் நம்மிடையே வளர்ந்துவிட்டது. அத்தயக்கம் தேவையற்றது என்பதே நம் கருத்து.

இனிப்பூட்டிய சோடா பானங்கள் பலவற்றில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உள்ளது. 300 மில்லி பாட்டிலில் 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. தேநீரில் ஆறு கரண்டி சர்க்கரையைக் கொட்டிச் சிறுவனிடம் நீட்ட எந்தத் தாய் இசைவாள்? பெரியவர்களே நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் சாரம். மாம்பழப் படம் போட்ட பானங்களும் தப்பவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ‘பழ பானம்’ என்று பெயர் சூட்ட 10 விழுக்காடு பழச்சாறே போதுமானது; எலுமிச்சைக்கு 5 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி நீரும் சர்க்கரையும்தான்.

இதற்கு மாற்றாகத் தர்பூசணியை எடுத்துக்கொள்வோம். அதன் சதையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நீரே. நான்கு பேருக்கு ஒரு கிலோ சதைப்பகுதி போதும். விதைகளைக் கையால் நீக்கிவிட வேண்டும். மிக்ஸியில் விதை அரைபட்டால் சாறு கசக்கும். ஓரிரு சுற்றுகளுக்கு மேல் அரைக்கவும் வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். அரை எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, கசக்கிய புதினா இலை நாலைந்து, மண்பானை நீர் ஒரு குவளை. இருபது நிமிடம் ஊறிய ஒரு தேக்கரண்டி சப்ஜா விதையை இறுதியில் கலந்தால் குழந்தைகள் கேட்டு வாங்கிப் பருகுவர். சர்க்கரையின் தேவையே எழாது. முலாம்பழத்திற்கும் இதே முறைதான். இனிப்புக் குறைந்த பழமாயின் இரண்டு பேரீச்சம்பழங்களைச் சேர்த்து அரைக்கலாம். நாட்டுச் சர்க்கரை, தேன் என்று பெயரை மாற்றினால் உடல் ஏமாந்துவிடாது.

தெருவோர ஐஸைத் தவிர்ப்பது நலம். அது எந்த நீரில் உறைந்தது என்பதை நாம் அறியோம். பானை நீரின் குளிர்ச்சியே தொண்டைக்கு இதம்.

வீட்டுச் சாறு என்பதற்காகச் செம்பு செம்பாகப் பருகலாம் என்று பொருளல்ல. பழத்தைச் சாறாக்கியபின் அதன் இனிப்பும் விரைவில் இரத்தத்தில் கலக்கும். சர்க்கரை நோயுள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் இரண்டு துண்டு பழத்தைக் கடித்து உண்ணக் கொடுத்துவிட்டு, குவளையில் உப்பிட்ட நீர்மோரை ஊற்றித் தருவதே முறை.

பேரீச்சம்பழத்தை நீரில் ஊறவைக்கும் நபீத் நம் வீடுகள் பலவற்றில் மீண்டும் இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியது. காலையில் ஊறவைத்ததை மாலையிலும், இரவில் ஊறவைத்ததைக் காலையிலும் நபி (ஸல்) அவர்கள் பருகியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். நம் ஊர் வெயிலில் இந்தக் கால அளவு மிக முக்கியம். இனிப்பான சாறு வெப்பத்தில் விரைந்து புளித்து நுரைக்கும். போதைக்கான தொடக்கம் அந்த நுரையில்தான் இருக்கிறது. ஆகவே நபீதை அடுப்படி மேடையில் மறந்து வைக்கலாகாது. நுரையோ புளிவாடையோ தென்பட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். அதை வீண்விரயம் என்று அஞ்சத் தேவையில்லை. தேவைக்குமேல் ஊறவைப்பதே விரயம்.

இவ்வேலை முழுவதையும் வீட்டுப் பெண்களின் தலையில் சுமத்துவதையும் நாம் ஏற்பதற்கில்லை. பன்னிரண்டு வயது மகனுக்கு விதை நீக்கத் தெரியாதா, எலுமிச்சை பிழியத் தெரியாதா? பருகத் தருபவரே இறுதியில் பருகுவார் என்ற நபிவழியை அவன் தட்டேந்திப் பழகட்டும். வந்தவர்களுக்கு முதலிலும், கொதிக்கும் வெயிலில் பொதி கொண்டுவரும் இளைஞருக்கு வாசலிலும் ஒரு குவளை நீட்டிவிட்டு, அவன் தன் பங்கை அமர்ந்து, மூன்று மிடறாகப் பருகட்டும்.