எரிக்காமல் விட்ட புத்தகம்

1933 மே 10 இரவு பெர்லின் ஓப்பரா சதுக்கத்தில் நாஜி மாணவர்கள் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். எழுத்தாளர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி நெருப்பில் எறிந்தார்கள். அப்படிப் பெயர் சொல்லப்பட்ட ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எரிக் கெஸ்ட்னர். யாரோ ஒரு பெண் அடையாளம் கண்டு சத்தம் போட, அங்கிருந்து நழுவினார். அவருடைய கவிதைகளும் ‘ஃபாபியான்’ நாவலும் தடைப்பட்டியலில் இருந்தன. ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ என்ற சிறுவர் நாவலுக்கு மட்டும் விலக்கு. அதையும் தடைசெய்யச் சில ஆண்டுகள் பிடித்தன. சிறுவர் கதைதானே, கிடக்கட்டும் என்று விட்டிருப்பார்கள்.

சிறுவர் கதைதானே என்று சிற்றிதழ்க்காரர்களான நாமும் சொல்கிறோம். என்ன, நல்லெண்ணத்தோடு சொல்கிறோம். நம் இதழில் சிறார் நாவலுக்குப் பக்கங்கள் ஒதுக்கப்போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலர் நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். ஏற்கெனவே பக்கம் போதாத பத்திரிகையில் இது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கெஸ்ட்னரின் வாழ்க்கையை வைத்தே அதற்குப் பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அவர் 1899இல் டிரெஸ்டனில் பிறந்தார். அப்பா சேணம் தைக்கும் கைவினைஞர். சொந்தக் கடை நொடித்துப்போனதால் பெட்டித் தொழிற்சாலையில் கூலிக்குப் போனவர். மகனைப் படிக்கவைக்க அந்தக் கூலி போதவில்லை. அம்மா ஈடா வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டார். அதுவும் போதாமல் நடுவயதில் முடிதிருத்தும் கலையைக் கற்று, வீட்டிலேயே பெண்களுக்குத் தலை அலசி, சிகை முடிந்து சம்பாதித்தார். வாடகைக்கு இருந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். மகனும் ஆசிரியராகத்தான் போயிருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் பாதியில் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இதயக் கோளாறோடு திரும்பினார். பிறகு லைப்சிக்கில் முனைவர் பட்டம், பத்திரிகை வேலை. 1927இல் விவகாரமான ஒரு கவிதை அந்த வேலைக்கு உலை வைக்க, பெர்லினுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே எடித் யாக்கப்சன் என்ற பதிப்பாளர், சிறுவர்களுக்கு ஒரு நாவல் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். கெஸ்ட்னர் அப்போது நையாண்டிக் கவிஞர், பெரியவர்களின் எழுத்தாளர். 1929இல் ‘எமில்’ வந்தது. அதன் முன்னுரையே ஒரு கதை. தென்கடல் தீவுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், திமிங்கலத்துக்கு எத்தனை கால் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டேன், தெரிந்ததை எழுது என்று ஓட்டல் பரிசாரகர் ஒருவர் புத்தி சொன்னார் என்று அளக்கிறார்.

அவருக்குத் தெரிந்தது முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. ரொட்டிக் கடைக்காரரின் மனைவிக்கு எமிலின் அம்மா தலை அலசிக்கொண்டிருக்கிறாள். பையன் வெந்நீர் எடுத்து வருகிறான். பிறகு 140 மார்க் கொடுத்து, அதில் 120ஐப் பாட்டியிடம் சேர்ப்பிக்கச் சொல்லி, அவனைப் பெர்லினுக்கு ரயிலேற்றுகிறாள். ஒரு நூறு, இரண்டு இருபது. கழுவும் தலை ஒவ்வொன்றுக்கும் சில்லறை வாங்கி அவள் சேர்த்த பணம் என்பதால் பையனுக்கு அதன் கனம் தெரியும். உறையைக் கோட்டின் உள்பையில் வைத்து ஊசியால் குத்திக்கொள்கிறான். தூங்கிப்போகிறான், எதிரில் இருந்த தொப்பிக்காரர் குருண்டைஸ் பணத்தோடு இறங்கிவிடுகிறார். பெர்லின் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து திருடனைத் துரத்துகிறார்கள். கடைசியில் வங்கியில் வைத்து, இது என் பணம் என்பதற்கு என்ன சாட்சி என்று வரும்போது, நோட்டுகளில் இருக்கும் ஊசித் துளைகளைக் காட்டுகிறான் எமில்.

அந்த ஊசித் துளைதான் கெஸ்ட்னரின் எழுத்து. துப்புக்குத் துப்பும் ஆயிற்று, ஓர் ஏழைப் பையனின் பதற்றத்துக்கு அடையாளமும் ஆயிற்று. அவருடைய பிள்ளைகளுக்கு எப்போதும் விலைவாசி தெரியும். ‘பறக்கும் வகுப்பறை’யில் விடுதி மாணவன் மார்ட்டினுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஊர் போக 8 மார்க் வேண்டும், வீட்டிலிருந்து வருவது 5 மார்க். அந்த 3 மார்க் பள்ளத்துக்குள் ஒரு பையன் அழாமல் நிற்பதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். வறுமையைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட எத்தனையோ யதார்த்த நாவல்களில் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

‘பறக்கும் வகுப்பறை’ வெளிவந்தது 1933 இறுதியில். அவர் புத்தகங்கள் எரிந்த அதே ஆண்டு, அதே ஜெர்மனியில். அதில் ஒரு காட்சி. பையன்கள் குள்ளமான ஊலியைக் குப்பைக்கூடைக்குள் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிட்டுவிடுகிறார்கள். உள்ளே வரும் ஆசிரியர் கத்துவதில்லை. அடாவடிக்கு அதைச் செய்தவர்களோடு தடுக்காமல் இருந்தவர்களும் பொறுப்பு என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ஆளுக்கு ஐந்து முறை எழுதிவரச் சொல்கிறார். அந்த வருஷத்தில் அந்த நாட்டில் பெரியவர்களுக்கான நாவல் ஒன்றில் இதை அச்சிட்டிருக்க முடியுமா? குப்பைக்கூடையில் தொங்கும் பையன் சிரிப்பு மூட்டினான், வாக்கியம் தப்பித்துக்கொண்டது.

அந்த வாக்கியத்தை எழுதியவர் பிறகு என்ன செய்தார் என்பதுதான் சங்கடமான பகுதி. அதைத் தாண்டிப் போகும் புகழுரைகளில் நமக்கு விருப்பமில்லை. யூதரான வால்ட்டர் ட்ரியர், அந்த நாவல்களுக்கு உயிர் கொடுத்த ஓவியர், லண்டனுக்குத் தப்பிப் போனார். கெஸ்ட்னர் போகவில்லை. நடப்பதற்குச் சாட்சியாக இருக்க வேண்டும் என்றார். அம்மாவை விட்டுப் போகவும் மனமில்லை. தினமும் போல் அவளுக்குக் கடிதம் எழுதியவர், அழுக்குத் துணியைத் தபாலில் அனுப்பி வெளுத்து வாங்கிக்கொண்டவர். கெஸ்டபோ இரண்டு முறை பிடித்து விசாரித்தது. நாஜி எழுத்தாளர் சங்கத்தில் சேர மனுப் போட்டார்; நிராகரித்தார்கள். 1943இல் வந்த ‘முன்ச்ஹவுசன்’ படத்துக்குச் சிறப்பு அனுமதியோடு, புனைபெயரில் திரைக்கதை எழுதினார். அரசின் பிரம்மாண்டப் படம் அது. அதே காலத்தில் அவருடைய ஆத்ம நண்பர்கள் இருவர், ஓவியர் எரிக் ஓசரும் பத்திரிகையாளர் எரிக் க்னாவ்ஃபும், ஹிட்லரைக் கிண்டலடித்ததற்காக 1944இல் கைதானார்கள். ஓசர் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். க்னாவ்ஃபுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1931இல் வந்த ‘எமில்’ படத்தில் எமிலாக நடித்த பையனும், தொலைபேசியை விட்டு அசையாமல் காவல் இருக்கும் குட்டி டீன்ஸ்டாக்காக நடித்த பையனும், 1942இல் ஹிட்லரின் படைவீரர்களாகப் போரில் செத்தார்கள்.

கெஸ்ட்னர் சாட்சியாக இருந்தாரா? சுருக்கெழுத்தில் ரகசிய நாட்குறிப்பு வைத்திருந்தார். அதை வைத்து எழுதுவதாக இருந்த பெரிய நாவல் வரவே இல்லை. கோழை என்று தீர்ப்பெழுத நாம் யார்? ஆனால் வீரர் என்றும் சொல்ல முடியாது. சிறுவர் நாவல்களில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் துணிச்சல், பெருமை, நட்பு என்று பேசியவர், தன் வாக்கியத்தின்படியே பொறுப்பாளி ஆனார். அதனால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடவில்லை.

போருக்குப் பின் மியூனிக்கில் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். ‘பெங்குவின்’ என்ற இளையோர் இதழை நடத்தினார். ஜெர்மன் இலக்கியத்தின் ஆகப் பெரிய விருதான பூஹ்னர் விருது 1957இலும், சிறார் இலக்கியத்தின் ஆண்டர்சன் விருது 1960இலும் கிடைத்தன. ஒரே ஆளுக்கு இரண்டும். 1974இல் மியூனிக்கிலேயே காலமானார். நம் ஊரில் சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்கு விருது கொடுக்கத் தொடங்கியதே 2010இல்தான். வாண்டுமாமாவைப் படித்து வளர்ந்த தலைமுறைகளை எண்ணிப் பார்த்தால், நம் இலக்கிய வரலாறுகளில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் வெட்கப்பட வேண்டிய அளவு.

கெஸ்ட்னரைத் தமிழர்கள் அறியாதவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். போர்க்காலத்தில் திரைக்கதைக் கருவாகத் தொடங்கி 1949இல் நாவலாக வந்தது அவருடைய ‘இரட்டை லொட்டே’. விடுமுறை முகாமில் முதன்முறையாகச் சந்திக்கும் இரண்டு சிறுமிகள், தாங்கள் இரட்டையர் என்றும் விவாகரத்தான பெற்றோர் ஆளுக்கொருத்தியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றும் கண்டுபிடித்து, இடம் மாறி வீடு திரும்புகிறார்கள். 1961இல் டிஸ்னி அதைப் படமாக்கியது. அதைப் பார்த்து ஏவி.எம். எடுத்ததுதான் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய ‘குழந்தையும் தெய்வமும்’, 1965. ஜெய்சங்கர், ஜமுனா, இரட்டை வேடத்தில் குட்டி பத்மினி. தமிழ்நாடே கண்ணீர் விட்ட அந்தக் கதை ஒரு ஜெர்மன் சிறுவர் நாவல் என்பது பெரும்பாலானவர்களுக்கு இன்றும் தெரியாது.

வழியில் உதிர்ந்ததையும் கவனிக்க வேண்டும். கெஸ்ட்னரின் நாவலில் அப்பாவும் அம்மாவும் ஒத்துவராமல் பிரிந்தவர்கள். யாரும் வில்லன் இல்லை. விவாகரத்தைக் குழந்தைகளிடம் பேசலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு நாவலுக்குள்ளேயே பதிலும் சொல்லிவிடுகிறார். நம் படத்திலோ ஜமுனாவின் பணக்கார அம்மா வந்து குடும்பத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு திருமணம் தானாகவே தோற்கும் என்பதை அன்றைய தமிழ்ப் படம் பெரியவர்களிடம்கூடச் சொல்லத் துணியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் கெஸ்ட்னர் அதைச் சாதாரணமாகச் சொன்னார்.

அடுத்த இதழ் முதல் சிறார் நாவல்களுக்கும் மதிப்புரை உண்டு. மற்ற நாவல்களைப் படிக்கும் அதே கண்ணோடுதான் அவற்றையும் படிப்போம். பிள்ளைகளுக்கு எழுதியது என்பதற்காகச் சலுகை கிடையாது. பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் வழக்கம்போல இரண்டு படிகள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

– ஆசிரியர் குழு