நெருப்பு வாளும் நம் ஊர் மணலும்

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் செங்கல்பட்டில் நம் வீட்டு வளைகாப்பு. என் தங்கை பேரன் ஒரு நோட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ஒருவர் கதையை நடத்த, பகடை உருட்டி விளையாடுவார்களாம். 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வந்ததே, அந்த வகை. அதற்காகப் பஞ்சபூத வாள்வீச்சு என்று ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தான். சித்தப்பா முறையுள்ள ஒருவர் நோட்டைப் பிடுங்கி உரக்கப் படித்தார். கூடமே சிரித்தது. "மீசை முளைச்சும் கத்திச் சண்டையா?" பையன் முகம் சுண்டிப்போய், சாப்பிடாமலே எழுந்து போனான்.

சிரித்தவர்களை ஒன்று கேட்கிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய அந்தக் குதிரை பொம்மை பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டது யார்? யானை, குதிரை, ராஜா, மந்திரி, சிப்பாய் என்று அதுவும் போர்தானே? பரிசுக் கோப்பை இருந்தால் பெருமை, நோட்டில் இருந்தால் வெட்டி வேலையா? பிள்ளை ஒரு விளையாட்டுக்கு விதி எழுதுகிறான் என்றால் கணக்கு, கதை, நியாயம் மூன்றையும் ஒன்றாக யோசிக்கிறான் என்று அர்த்தம். முப்பது வருஷம் பாடக்குறிப்பு எழுதியவள் சொல்கிறேன், அது லேசான வேலை இல்லை.

அதற்காக அவன் எழுதியதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மறுநாள் அவனிடமிருந்து நோட்டை வாங்கிப் படித்தேன். நெருப்பு வாள் எரிக்கும், நீர் வாள் அணைக்கும், காற்று வாள் தள்ளிவிடும். "என்னடா இது, கல், காகிதம், கத்தரிக்கோலா?" என்றேன். "இல்லை பெரிய பாட்டி, ஜப்பான்ல இப்படித்தான்" என்றான். ஜப்பானிலும் இப்படி இல்லை. 1645இல் இறந்த மியாமோட்டோ முசாஷி என்ற வாள்வீரர் எழுதிய நூலில் நிலம், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்று ஐந்து பகுதிகள் உண்டு. அவை பகுதிகளுக்கு வைத்த பெயர்கள். காற்றுப் பகுதியில் அவர் புயல் வீசவில்லை, மற்ற வாள் பள்ளிகளின் குறையைத்தான் பேசுகிறார்.

இன்னொரு உறவினர், "இதெல்லாம் நம்ம முன்னோர் அஞ்சாயிரம் வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சது" என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி அனுப்பினார். எந்த நூலில் என்று கேட்டேன். கைகூப்பும் பொம்மைதான் பதிலாக வந்தது.

நான் புலவர் படித்தவள் இல்லை, ஆசிரியர் பயிற்சி டிப்ளமாதான். ஆனால் தொல்காப்பியத்தில் இருப்பதைச் சொல்ல அது போதும். ஐந்து பூதமும் கலந்த மயக்கம்தான் உலகம் என்கிறது. தனித்தனியாக நின்று மோதிக்கொள்வதில்லை. அதைவிட முக்கியம், போரை நிலத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. ஆநிரை கவரும் வெட்சி குறிஞ்சிக்குப் புறம். படையெடுப்பு வஞ்சி, அது முல்லைக்கு. கோட்டை முற்றுகை உழிஞை, அது மருதத்துக்கு. நேருக்கு நேர் மோதும் தும்பை நெய்தலுக்கு. வாகை பாலைக்கு. ஒரு விளையாட்டுக்கு இதைவிட நல்ல சட்டகம் வேண்டுமா? உழிஞைக்கு செங்கல்பட்டில் ஏரியை ஒட்டியே கோட்டை இருக்கிறது. 1752இல் கிளைவ் வந்து பிடித்த கோட்டை.

தும்பைக்கு மாமல்லபுரம். பையனைப் பேருந்தில் கூட்டிப் போனேன். முதலில் மகிஷாசுரமர்த்தினி குகை. சிங்கத்தின்மேல் அம்மன் வில்லோடு முன்னே பாய்கிறாள், அசுரன் கதையைப் பிடித்தபடி பின்னுக்குச் சாய்கிறான். தீப்பொறி ஒன்றுகூட இல்லை. உடம்பின் சாய்வை வைத்தே யார் தோற்கிறார்கள் என்று சிற்பி சொல்லிவிட்டான்.

பிறகு கடற்கரை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடச் சொன்னேன். காய்ந்த மணலில் கால் புதைந்தது, ஈர மணலில் நின்றது. "எங்கே நின்று வாள் வீசுவாய்?" "ஈரத்துல." "காலையில் சண்டை என்றால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பாய்?" கொஞ்சம் யோசித்தான். கடலுக்கு முதுகு காட்டி நின்றான். எதிரி கண்ணில் சூரியன்! அங்கேயே உட்கார்ந்து எழுதினான்: காய்ந்த மணலில் பாய்ந்தால் பகடையில் இரண்டு குறை, கிழக்கு பார்த்து நின்றால் முதல் வீச்சு எதிரிக்கு, பிற்பகலில் கடல்காற்று எழுந்தால் மணல் வாரி வீசலாம், ஆனால் காற்றுக்கு எதிரே நின்று வீசினால் உன் கண்ணுக்கே வரும். நிலம், நீர், தீ, வளி நான்கும் வந்துவிட்டன. விசும்புக்கு என்ன விதி என்று இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வாள் சண்டைப் படங்களும், பக்கத்தில் எண் போட்டு விதிகளும் எழுதியிருந்தான். வகுப்பு முன்னால் அதைக் கிழித்தது நான். அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். தம்பி, இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. அது என் தப்பு. முழங்கால் தண்ணீரில் ஒருவன் நின்று சண்டை போடுவது போல ஒரு படம் இருந்தது, அது நினைவிருக்கிறது. அதற்கு என்ன விதி வைத்திருந்தாய்? படிக்காமலே கிழித்துவிட்டேன். பேரன் கேட்கிறான்.