பெயின்டர் அண்ணனுக்கு என்ன பதில்?

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சபட்டி, திருவாதவூர் என்று மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பொங்கலுக்கு முந்தைய மாதம் விடிகாலையில் அந்தப் பக்கம் போனால், பெயின்ட் கறை காய்ந்த சட்டையோடு வேலைக்குக் கிளம்பும் ஆண்களைப் பார்க்கலாம். நம்மூரில் எத்தனையோ வீடுகளின் சுவர்கள் இவர்கள் கையால் புதுசானவை.

எங்கள் வீட்டுக்கு வரும் பெயின்டர் அண்ணனும் முகாம்காரர்தான். பெயரைப் போட வேண்டாம், ஊரை எழுதலாம் என்றார். ஊர் மன்னார்த் தீவிலுள்ள பேசாலை. அப்பா கடல் தொழிலாளி. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது, தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறி ராமேசுவரம் கரைக்கு வந்த குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மண்டபம் முகாமில் பதிவு, பிறகு மதுரை.

கடலையே நம்பிப் பிழைத்தவருக்கு வைகைக் கரையில் என்ன வேலை இருக்கும்? அப்பா கிடைத்த கூலி வேலைக்குப் போனார். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்களில் கெடுபிடி கூடியது. தொண்டு நிறுவனங்களுக்குத் தடை வந்தது, பிள்ளைகளின் படிப்பும் தடைபட்டது. “படிக்கத்தான் ஆசை தம்பி. பள்ளிக்கூடம் நின்னதும் ஒரு மேஸ்திரிகிட்ட விட்டுட்டாங்க” என்பார் அண்ணன். நிலமோ சான்றிதழோ முதலீடோ கேட்காத தொழில் பெயின்டிங். அன்றைய கூலி அன்றைக்கே கையில் வரும். ஒன்றுமில்லாமல் வந்தவர்களில் இத்தனை பேர் பிரஷ் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

அவர் வேலை பார்ப்பதைப் பார்க்க வேண்டும். முதல் நாள் பெயின்ட் டப்பாவையே திறக்க மாட்டார். விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டி, பூச்சு எங்கே விட்டிருக்கிறது என்று காதால் கேட்பார். ஓதம் இருந்தால், அது எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடிக்காமல் பட்டி வைக்க மாட்டார். பட்டி இரண்டு கை, உப்புத்தாள், பிரைமர், அதன் பிறகுதான் கலர். சித்திரை வெயிலில் காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர். வெயில் நேராக விழும் சுவரில் எமல்ஷன் சட்டென்று காய்ந்து ரோலர் தடம் நின்றுவிடுமாம். “யாருக்குத் தெரியப்போகுது?” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டார், எவ்வளவு கூலி கொடுத்தாலும். அன்று பூசை. அவர் வீட்டுச் சுவரில் மடு மாதா படம் இருக்கிறது. அந்த மாதாவின் கதையே இடம்பெயர்ந்த கதைதான். இலங்கையில் டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 வாக்கில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. அப்படித்தான் மடு உருவானது. 1999 நவம்பரில் அந்தக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டுகள் விழுந்தன. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருக்கள் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். “மாதாவே அகதியாப் போனவங்க. நாங்க எந்த மூலைக்கு?” என்று அண்ணன் சொல்வது சலிப்பினால் அல்ல. அந்த நம்பிக்கைதான் அவரை நிமிர்த்தி வைத்திருக்கிறது.

மாதா சில மாதங்களில் மடுவுக்குத் திரும்பிவிட்டாள். 2009-ல் போரும் முடிந்தது. அண்ணன் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் அவர் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். மனைவி 1989-ல் தமிழ்நாட்டு முகாமொன்றில் பிறந்தவர். பிள்ளைகள் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள், மன்னாரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர் என்றால் மதுரைதான்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதை வைத்தே பாஸ்போர்ட் தரச் சொன்னது நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2022-ல். அண்ணனின் மனைவி இரண்டு ஆண்டு பிந்திப் பிறந்துவிட்டார். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு வாசல் இன்னும் குறுகியது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த கிறிஸ்தவருக்கு வழிவிடுகிறது. பேசாலைக் கிறிஸ்தவருக்கு இல்லை. இலங்கையிலிருந்து வந்த இந்துவுக்கும் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-ல் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. நல்லதுதான். ஆனால் அது குடியுரிமை ஆகாது.

மாநில அரசு 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, புது வீடுகள் கட்டவும் உதவித்தொகையை உயர்த்தவும் செய்தது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். இருந்தும் முகாம்காரர்கள் ‘செக்கிங்’ என்று சொல்லும் ஆள் கணக்கெடுப்புக்கு ஐம்பது வயதை நெருங்கும் இந்த மனிதர் இன்னும் நேரில் நிற்கிறார். 2016 மார்ச்சில் உச்சபட்டியில் அப்படியொரு கணக்கெடுப்பில் எழுந்த தகராறு ஓர் அகதியின் தற்கொலையில் முடிந்தது. அதை மதுரை மறந்துவிடக் கூடாது.

திரும்பிப் போக விரும்புகிறவர்களை அவர்களுடைய காணியிலும் கரையிலும் கௌரவமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு, எந்த மதத்தவராக இருந்தாலும், குடியுரிமை கொடுக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு ஓர் ஊரில் உழைத்து, அந்த ஊரில் பிள்ளை பெற்று வளர்த்தவர் இதற்கு மேல் எதை நிரூபிக்க வேண்டும்? இலங்கையையும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்து, மதம் பார்க்காமல் வாசலைத் திறக்க நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். தமிழ்நாட்டிலிருந்து 39 பேரை மக்களவைக்கு அனுப்பியிருக்கிறோம். பெயின்டர் அண்ணனுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு உள்ள நாம்தான் அவருக்காக அவர்களிடம் கேட்க வேண்டும்.