எதைக் கணக்கிடாமல் விடலாம்?

வாகனத்தின் சாரத்தியத்தை மனிதனிடமிருந்து வாங்கி யந்திரத்தின் வசம் ஒப்படைக்க முற்பட்டிருக்கும் இக்காலத்தில், அந்த யந்திரம் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதைப் பற்றியே பலரும் வியந்து பேசுகிறார்கள். பார்த்ததைப் பொருள்படுத்திக்கொள்ள அது எத்தனை கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்பதையும், அக்கணக்கில் எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்பதையும் சிந்திப்பவர் சிலரே. ஆயினும், சாலையில் நடந்து செல்லும் சாமானிய ஜனங்களின் உயிர் இந்த இரண்டாவது விஷயத்தையே பெரிதும் பற்றி நிற்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1904-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில், ரைன் நதியில் சென்ற கப்பல் ஒன்றை ரேடியோ அலைகளின் எதிரொலியைக் கொண்டு உணர்ந்து காட்டினார் கிறிஸ்டியான் ஹூல்ஸ்மையர் என்பவர். அந்தத் தத்துவத்தின் வழிவந்ததே இன்று வாகனங்களின் முகப்பில் பதிக்கப்படும் ராடார். மூடுபனியிலும் மழையிலும் கும்மிருட்டிலும் காமிரா தடுமாறும்போது ராடார் தடுமாறுவதில்லை. எதிரே உள்ள பொருளின் தூரத்தை மட்டுமன்றி, அது எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதையும் நேரடியாகவே அளந்து சொல்லிவிடும். இத்தகைய சாதனத்தைச் சாரதியில்லா வாகனத்துக்கு இன்றியமையாதது என்றே கருதுகிறேன்.

ஆனால் அதன் கணக்கோ மிகப் பெரிது. 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், அதிர்வெண் சீராக ஏறிச் செல்லும் அலைத்துணுக்குகளை அது அடுத்தடுத்து அனுப்புகிறது. உதாரணமாக, 12 அலைபரப்பும் ஆன்டெனாக்களும் 16 அலைவாங்கும் ஆன்டெனாக்களும் சேர்ந்து 192 தடங்களாக விரிய, ஒவ்வொரு தடத்திலும் 128 துணுக்குகளும், துணுக்குக்கு 256 மாதிரிகளும் எடுக்கப்பட்டால், ஒரே ஒரு சட்டத்தில், அதாவது ராடார் ஒரு முறை நோக்கிப் பதியும் காட்சியில், சேரும் எண்கள் சுமார் 63 லட்சம். விநாடிக்கு 20 சட்டங்கள் என்றால் அது 12 கோடியைத் தாண்டுகிறது. இவ்வளவையும் தூரத்துக்கு ஒரு முறை, வேகத்துக்கு ஒரு முறை, திசைக்கு ஒரு முறை என மும்முறை உருமாற்றிய பிறகே, எதிரே இருப்பது என்ன என்ற ஆராய்ச்சி தொடங்குகிறது.

இந்தச் சுமையைக் குறைக்க வேண்டியதன் அவசியம் இருவகைப்பட்டது. முதலாவது காலம்: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வாகனம், கணிப்பொறி யோசிக்கும் விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் ஏறத்தாழ மூன்று மீட்டர் முன்னேறிவிடுகிறது. இரண்டாவது சக்தி: நூறு கோடி சாரதியில்லா வாகனங்கள் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடி, அவற்றின் கணிப்பொறிகள் தலா 840 வாட் மின்சாரம் கொள்ளுமானால், அன்று உலகிலிருந்த தரவு மையங்கள் யாவும் வெளியிட்ட அளவுக்குக் கரியமில வாயு வெளிப்படும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023-இல் கணித்துக் காட்டினார்கள். ராடார் அதில் ஒரு பகுதியே எனினும் புறக்கணிக்கத்தக்க பகுதியன்று.

கணக்கைச் சுருக்குவது விஞ்ஞானத்துக்குப் புதிதுமன்று. 1965-இல் கூலி, டூக்கி என்ற அறிஞர்கள் வெளியிட்ட, மேற்சொன்ன உருமாற்றங்களை விரைந்து செய்யும் ‘விரைவு ஃபூரியே உருமாற்றம்’ என்ற கணக்குமுறை, 1024 மாதிரிகளுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமாக வேண்டியிருந்த பெருக்கல்களைப் பத்தாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கைக்கு இறக்கியது. அப்படி இறக்கியதில் உண்மை ஓர் அணுவளவும் குறையவில்லை. இன்று பொறியாளர்கள் கையாளும் வழிகள் வேறு. வெற்று வெளியே மிகுதியாக உள்ள காட்சியில் குறைந்த மாதிரிகளை மட்டும் எடுத்து எஞ்சியவற்றை அனுமானிப்பதும், முன் சட்டத்தில் கண்ட பொருள்களைத் தொடர்ந்து சென்று அவை இருக்கக்கூடிய இடத்தை மட்டும் நுணுகி நோக்குவதும், எண்களின் நுட்பத்தைக் குறைத்துச் சிறிய சில்லிலேயே வேலையை முடிப்பதும் அவற்றுள் சில. இவை யாவும் பாராட்டத்தக்கவை. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் எதையோ ஒன்றைக் கைவிடுகிறது.

அபாயம் அங்கேதான் இருக்கிறது. லாரியின் இரும்புச் சுவர் உரத்த எதிரொலியைத் தருகிறது; அதன் அருகே நடக்கும் மனிதனின் உடலோ மிக மெல்லிய எதிரொலியையே தருகிறது. முறத்தில் புடைக்கும்போது பதரோடு மணியும் பறந்துவிடுவது போல, இரைச்சல் என்று தள்ளப்படும் எண்களோடு அந்த மனிதனும் தள்ளப்பட்டுவிடலாம்.

2018 மார்ச் 18-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி, ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கி வாகனம் மோதி மாண்டார். மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே ராடார் அவரை உணர்ந்துவிட்டது என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. வாகனத்திலிருந்த கண்காணிப்பாளரின் கவனக்குறைவை வாரியம் முதற்காரணமாகக் கூறியது உண்மையே. எனினும், அவரை வாகனம் என்றும், வேறு பொருள் என்றும், சைக்கிள் என்றும் கணிப்பொறி மாற்றி மாற்றி வகைப்படுத்தியதும், வகை மாறும்போதெல்லாம் அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கில் கொள்ளாமல் விட்டதும் அதே அறிக்கையில் உள்ளன. கணிப்பைச் சிக்கனப்படுத்தவே அவ்வாறு அமைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எதை விடலாகாதோ அதை விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை என்கிறேன்.

ஆகவே, கணக்கின் சுமையைக் குறைத்துவிட்டோம் என்று பெருமிதத்துடன் அறிவிக்கும் நிறுவனங்கள், குறைத்த பின்னும் மழை பெய்யும் இரவில், நிறுத்தி வைத்த லாரிகளுக்கிடையிலிருந்து வெளிப்படும் ஒரு குழந்தையை எத்தனை மீட்டருக்கு முன்னால் தம் ராடார் உணர்கிறது என்பதையும் கூடவே அறிவிக்கக் கடமைப்பட்டவை. பாதசாரிகளைப் பகலிலும் இரவிலும் உணர்ந்து தானே நிற்கும் பிரேக் வேண்டும் என்று அமெரிக்க அரசு 2024-இல் விதி வகுத்தது போல, சுருக்கப்பட்ட கணிப்புக்கும் மெல்லிய எதிரொலியையே அளவுகோலாகக் கொண்ட பரீட்சையை அரசாங்கங்கள் ஏற்படுத்த வேண்டும். அப்பரீட்சையில் தேறிய சிக்கனத்தை இரு கைகளாலும் வரவேற்கலாம். ஏனெனில் குறைந்த சக்தியில் சிறிய சில்லில் இயங்கும் ராடார்தான் செல்வந்தரின் காரோடு நின்றுவிடாமல் மலிவான சிறு காருக்கும் பஸ்ஸுக்கும் வந்து சேரும். அந்த வாகனங்களே சாலையில் மிகுதி. நடப்பவர் அவற்றின் முன்தான் நடக்கிறார்கள்.