மாரிக்கு முன் ஆட்டுக்குப் படுக்கை

2022ஆம் ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் இறந்தன. எமது நாட்டிலும் இப்படிக் குளிரா என்று பலர் வியந்தனர். ஆனால் மயிர் நனைந்து, வயிறு ஒட்டி, ஈரநிலத்தில் படுத்திருக்கும் ஆட்டுக்கு மாரியின் வாடைக்காற்று எப்போதுமே ஆபத்தானது.

குளிர்நாடுகளில் பனிக்காலம் முடியும்வரை பலர் ஆட்டுக்கொட்டிலைக் கூட்டி அள்ளுவதில்லை. பழைய வைக்கோலின் மேல் புதியதைப் பரப்பிக்கொண்டே வருவர். அடியில் புழுக்கையும் சலமும் உக்கும்போது எழும் வெப்பம் ஆட்டுக்கு இதமளிக்கும். இதுவே ஆழ்கூள முறை.

இம்முறை எமக்கும் உதவும். ஆனால் இங்கு நாம் தேடவேண்டியது வெப்பத்தை அன்று, உலர்வையே. ஈரமும் சூடும் சேர்ந்த கூளத்தில் குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகள் பெருகும், குளம்பும் அழுகும். ஆகவே நிலத்தை ஓர் அடியாவது உயர்த்தி, சுற்றிக் கான் வெட்டி, ஒழுகாத கூரை போட்டபின்பே கூளத்தைப் பற்றிப் பேசவேண்டும். ஈரத்தை உறிஞ்சும் மரச்சீவலை அடியில் அரையடிக்கு இட்டு, மேலே வைக்கோலைப் பரப்பலாம். உமி மலிவானது, ஆனால் சலத்தை அதிகம் உறிஞ்சாது. கொட்டிலில் சிறிதுநேரம் முழந்தாளிட்டுப் பாருங்கள். சாரம் நனைந்தால் கூளம் போதாது. கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது.

வெள்ளம் நிற்கும் காணிகளில் பனஞ்சிலாகை அடித்த பரண் கொட்டிலே சிறந்தது. அங்கும் இடைவெளிகளால் கீழிருந்து காற்றேறும். வாடைப்பக்கத்தைக் கிடுகால் மறைத்து, குட்டிகளுக்கு ஒரு மூலையில் வைக்கோல் இடுவது அவசியம்.

இவையெல்லாம் கடினமான காரியங்கள் அல்ல. கடினமானது காலத்தே செய்வதுதான். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கும் வைக்கோலுக்குப் பல இடங்களில் தீ வைத்துவிடுகிறோம். ஐப்பசியில் மழை தொடங்கியபின் ஒரு கட்டு வைக்கோலுக்கு அலைகிறோம். அன்றே போர் வைத்துப் படங்கால் மூடியிருந்தால் கார்த்திகையில் அது கைகொடுக்கும்.

இதில் எம்மைப் போன்ற தொண்டு செய்வோருக்கும் பொறுப்புண்டு. ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டுமென்று, மாரி தொடங்கும் வேளையில் விதவைத் தாய்மாருக்கு ஆடுகளைப் பகிர்ந்தளித்திருக்கிறோம். அவர்களிடம் கொட்டிலும் இல்லை, கூளமும் இல்லை. தை பிறக்கும்போது சில வீடுகளில் வெறும் கயிறுதான் எஞ்சியது. பின்பு நாமே, "இவர்களுக்கு ஆடு வளர்க்கத் தெரியாது" என்றும் பேசினோம். தெரியாதிருந்தது எமக்குத்தான்.

இனியாவது ஒழுங்கை மாற்றுவோம். முதலில் கொட்டில், அடுத்து வைக்கோற்போர், அதன்பின் ஆடு. மாரி முடிந்ததும் அள்ளும் கூளம் தோட்டத்துக்கு நல்ல பசளை. அதை விற்றாலும் நாலு காசு கிடைக்கும். ஓர் ஏழைத் தாய்க்கு இரண்டு ஆடுகள் என்பது பிள்ளையின் கொப்பி, மருந்துச் செலவு, அவசரத்துக்கான சேமிப்பு. ஆட்டைக் கொடுப்பவர்கள், அது இரவில் எங்கே படுக்கும் என்பதையும் கேட்கட்டும்.