பீட்டர் பார்க்கர் முகமூடியைக் கழற்றியிருக்கணுமா?

2016-ல வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தைப் பாத்திருப்பீங்க. அதுக்கு மூலமான 2006 மார்வெல் காமிக்ஸ்ல சண்டையே வேற. அங்கே அரசாங்கம் ஹீரோக்களோட உண்மையான பெயரையே கேட்டது. அதுல அதிகமா அடிபட்டவன் ஸ்பைடர்மேன்.

ஸ்டாம்ஃபோர்ட் நகரத்துல, டிவி ஷோவுக்காக வில்லன்களைப் பிடிக்கப் போகுது ஒரு இளம் ஹீரோ கூட்டம். நைட்ரோ என்ற வில்லன் வெடிக்க, பள்ளிக் குழந்தைகள் உட்பட 600 பேருக்கு மேல் சாகிறார்கள். உடனே சட்டம் வருது: சக்தி உள்ளவங்க அரசாங்கத்திடம் பெயரைப் பதியணும், பயிற்சி எடுக்கணும்.

இதுல என்ன தப்புன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். பஸ் ஓட்டவே லைசன்ஸ் வேணும். பஸ்ஸையே தூக்கி வீசுற ஆளுக்கு வேண்டாமா? அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்கின் வாதமும் இதுதான். அவரை நம்பி பீட்டர் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னாடி முகமூடியைக் கழற்றினான்.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. சட்டம் பெயரைக் கேட்டது அரசாங்கத்துக்கு மட்டும்தான். பீட்டர் கொடுத்ததோ ஊருக்கே. பதிவு செய்யாத ஹீரோக்களை விசாரணையே இல்லாமல் அடைச்சு வைக்கிற சிறையைப் பாத்ததும் அவன் கட்சி மாறினான். ஆனா வெளியே போன பெயர் திரும்ப வரல. கிங்பின் அனுப்பின ஆள் சுட்ட குண்டு மே அத்தை மேல பாய்ஞ்சது. அவங்க உயிருக்காகவும் பழைய ரகசியத்துக்காகவும் மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் தன் கல்யாணத்தையே விலையா கொடுக்க வேண்டி வந்தது.

பலரும் மறந்துபோற பகுதி இதுக்குப் பிறகுதான் வருது. கொஞ்ச காலத்துல டோனியோட பதவி பறிபோகுது. அந்த நாற்காலியில உக்காந்தது நார்மன் ஆஸ்பார்ன். ஆமா, அதே கிரீன் காப்ளின்! பட்டியல் அவன் கையில சிக்கக் கூடாதுன்னு டோனி அதை அழிக்கிறார். மிச்சம் இருந்த ஒரே பிரதி அவர் மூளைக்குள்ள. 2009-ல வந்த கதையில அதையும் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுக்கிறார். பட்டியல் வேணும்னு சண்டை போட்டவரே அதுக்குப் பயந்து ஓடுறார்.

அதனால பதிவே வேண்டாம்னு நான் சொல்லல. ஸ்டாம்ஃபோர்ட்ல பிள்ளையைப் பறிகொடுத்தவங்களுக்கு "எங்க முகமூடி எங்க உரிமை"ன்னு பதில் சொல்ல முடியாது. பயிற்சி, லைசன்ஸ், தப்பு செஞ்சா விசாரணை எல்லாம் வேணும். ஆனா எல்லார் பெயரும் ஒரே இடத்துல, ஒரே ஆள் பொறுப்புல இருக்கக் கூடாது. பீட்டர் "டோனி நல்லவரா?"ன்னு மட்டும் யோசிச்சான். "டோனிக்கு அப்புறம் யாரு?"ன்னு கேக்கவே இல்ல.

நாளைக்கு நீங்களும் நானும் இப்படிப்பட்ட டேட்டாபேஸைக் கட்டப் போற ஆட்கள். பாஸ்வேர்டு கசிஞ்சா மாத்திக்கலாம். முகத்தையும் கைரேகையையும் மாத்த முடியாது. டிசைன் பண்றப்போ, நல்ல நிர்வாகியை மட்டும் மனசுல வைக்காம, ஆஸ்பார்ன் லாகின் பண்ணா என்ன ஆகும்னும் யோசிங்க.

சரி, நீங்க பீட்டர் இடத்துல இருந்தா கையெழுத்து போட்டிருப்பீங்களா?