பெயரும் பிட்டும்

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். கைத்திறனைக் காக்கும் பொறுப்பு பட்டறையினுடையது. அத்திறன் எத்தகையது என்பதைத் துளையிடும் ‘பிட்’ ஒன்றே காட்டிவிடும்.

பலா மரத்தில் வட்டமான துண்டொன்றைப் பதிக்கக் குழி தேவை. உலோகத்திற்கென உருவான 118 பாகை முனைப் பிட், மரத்தின் இழையோட்டத்தால் மையம் விலகும், விளிம்பைப் பிய்க்கும். நடுவே கூர்முள்ளும் ஓரத்தில் வெட்டுமுனைகளும் உடைய பிட்டோ முதலில் மையத்தைப் பற்றுகிறது. பின்பு இழைகளை வட்டமாக அறுத்தபடி உள்ளிறங்குகிறது. குழி சற்றே பெரிதானாலும் துண்டைச் சுற்றிக் கருவளையம் தெரியும். மெருகு அதனை மேலும் எடுத்துக்காட்டும்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடைசெய்தது. தந்தத்தின் இடத்தில் நெகிழி வந்தது. மிகு வேகத்தில் துளைத்தால் நெகிழி வெப்பத்தால் இளகும். பொருள் மாறியபோது கருவியும் வேகமும் பற்றிய அறிவும் மாற வேண்டியதாயிற்று.

‘துரப்பணம்’, ‘தமரூசி’ ஆகிய சொற்களை அகராதி காத்துத் தருகிறது. எந்த மரத்திற்கு எந்த முனை என்பதைப் பதிவது ஆய்வேட்டின் கடமை. இசைத்துறையும் மொழியியல் துறையும் இப்பணியில் இணைய வேண்டும். பட்டறைக்குச் செல்லும் ஆய்வாளர் கருவியின் பெயரைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடலாகாது. பல பிட்டுகளிடையே அதனை மட்டும் ஏன் எடுத்தார் என்றும் கைவினைஞரிடம் கேட்க வேண்டும். அவ்விடை எழுதப்படாவிட்டால், அவருக்குப் பின் குறியீடு எஞ்சும்; வீணையைச் செய்யும் அறிவு எஞ்சாது.